படம் மங்கினால் டிவி செத்துவிட்டதா?

பழைய டிவியில் படம் மங்கத் தொடங்கியதும் வீட்டில் யாராவது ஒருவர் தீர்ப்பைச் சொல்லிவிடுவார்: “ட்யூப் போச்சு. இனிமே இதுல காசு போடாதீங்க.” சொல்பவர் கடைக்காரராக இருக்கலாம்; எதிர்வீட்டுக்காரராக இருக்கலாம்; தீபாவளி எக்ஸ்சேஞ்ச் விளம்பரத்தை நேற்றுதான் பார்த்த மகனாகவும் இருக்கலாம். மூவரில் ஒருவர்கூட அந்தப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்.

பிக்சர் ட்யூப் சாகும் என்பது உண்மைதான். ஆனால், படம் மங்குவதற்கான காரணங்களில் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது. அதற்கு முன்னால் செட்டாப் பாக்ஸ் வயர், ட்யூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் சின்ன சாக்கெட், காய்ந்துபோன கண்டென்சர், எல்.ஓ.டி. எனும் மின்மாற்றியின் முதுகில் இருக்கும் திருகு என்று பலர் வரிசையில் நிற்கிறார்கள். இவற்றில் சிலவற்றுக்கு ஆகும் செலவு ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைகூட வராது. காரணத்தைத் தேடாமல் பொருளைத் தூக்கிப்போடும் பழக்கம் பழைய டிவியோடு ஒழிந்திருந்தால் இதை இப்போது எழுத வேண்டியதில்லை. சுவரில் மாட்டிய புது டிவிக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. அங்கே காரணத்தைத் தேட நினைப்பவருக்கும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் மெனுவைப் பார்

“படம் மங்கலாத் தெரியுது” என்று வருபவரிடம் விவரம் தெரிந்த மெக்கானிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி டிவியைப் பற்றியதே அல்ல. “உங்களுக்கு மட்டுமா, வீட்ல எல்லாருக்குமாங்க?” கண்புரையின் தொடக்கம் டிவி பழுதாகத் தோன்றுவது உண்டு. தாத்தாவுக்குத் தெரியாத எழுத்து பேரனுக்குப் பளிச்சென்று தெரிந்தால், போக வேண்டிய இடம் கண் மருத்துவமனை.

எல்லாருக்கும் மங்கல்தான் என்றால் அடுத்த சோதனைக்கு ஸ்க்ரூடிரைவர்கூடத் தேவையில்லை. டிவியின் சொந்த ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்த வேண்டும். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் அல்ல. டிவி காட்டும் வால்யூம் கோடு, சேனல் எண், மெனு எழுத்து ஆகியவை வெளியிலிருந்து வருவதில்லை; பெட்டிக்குள்ளேயே உருவாகின்றன. பின்னால் படம் குழம்பிக் கிடக்க, இந்த எழுத்துகள் மட்டும் வெட்டினாற்போல் நின்றால் ட்யூபுக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்துசேரும் சிக்னலில்தான் கோளாறு. மெனு எழுத்தும் ஓரம் கரைந்து ஊதியிருந்தால், கோளாறு பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு பட்டனில் பிரச்சினை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. இந்த ஒரு பட்டனை அழுத்திப் பார்க்காமலேயே எத்தனையோ டிவிகளுக்கு மரணச் சான்றிதழ் எழுதப்பட்டிருக்கிறது.

சிக்னலால் வரும் மங்கலைத் தமிழ்நாடு நன்றாகவே அறியும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. கோபுரத்தின் எல்லைக்கு அப்பால் இருந்த மாவட்டங்களுக்கு அது வெகுகாலம் எட்டாத பொருள். 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, நம் தென்கடலோர ஊர்களில் நெடிய கம்பங்களில் ஏறிய ஆண்டெனாக்கள் இலங்கைப் பக்கம் திரும்பி நின்றன. கடலுக்கு மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் நாள்களில் வி.எச்.எஃப். அலைகள் வளைந்து நெடுந்தூரம் வரும். அன்று படம் பளிச்சென்று இருக்கும். காற்று மாறினால் அதே பெட்டியில், அதே ஆண்டெனாவில் திரை முழுக்கப் புள்ளி. அந்தக் காலத்தில் யாரும் ட்யூபைக் குறை சொல்லவில்லை, மொட்டைமாடிக்குத்தான் ஏறினார்கள்.

புள்ளி ஒரு வகை என்றால், நிழல் இன்னொரு வகை. முகத்துக்கு வலப்பக்கம் இன்னொரு முகம் மெலிதாக விழுந்து, படம் மங்கியதுபோல் தோன்றும். கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையும், மலையிலோ உயரமான கட்டடத்திலோ மோதித் திரும்பும் அலையும் சற்று முன்பின்னாக வந்துசேர்வதுதான் காரணம். சுற்றி வரும் அலை 300 மீட்டர் கூடுதலாக நடந்தால் ஒரு மைக்ரோ நொடி தாமதமாகிறது. 21 அங்குல டிவியில் அந்தத் தாமதம் சுமார் 8 மில்லிமீட்டர் தள்ளி நிழலாக விழும். திரையில் நிழல் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை வைத்து, அலையைத் திருப்பி அனுப்பும் கட்டடம் எது என்றுகூட ஊகித்துவிடலாம். மருந்து ஆண்டெனாவைத் திருப்புவதுதான். பெட்டியைத் திறந்து பயனில்லை.

இப்போது தரைவழி அனலாக் ஒளிபரப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது, கேபிளும் டிஜிட்டலாகிவிட்டது. பழைய டிவிக்கு இன்று படம் தருவது செட்டாப் பாக்ஸ். ஆகவே, முதலில் பார்க்க வேண்டியது இரண்டுக்கும் நடுவே உள்ள வயர். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பின் கொண்ட ஏ.வி. வயரில் படம் தருவது மஞ்சள் மட்டும். அதன் பின் துருவேறித் தளர்ந்திருந்தால் படம் வெளுக்கும், கலங்கும். டிவியில் ஏ.வி. துளை இருந்தும், பழைய வழக்கப்படி ஆண்டெனா துளையிலேயே பாக்ஸைச் செருகி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அப்படிச் செய்தால் படம் ஒருமுறை ஆர்.எஃப். அலையாக மாறி, டியூனருக்குள் போய் மறுபடி படமாக வேண்டும். அந்தப் பயணத்தில் கூர்மை போய்விடும். துளையை மாற்றிச் செருகினால் தீர்ந்தது.

இதற்கெல்லாம் பிறகும் சில சேனல்கள் மட்டும் மங்கினால் டிவியைத் திட்டிப் பயனில்லை. ஒரே அலைவரிசையில் நிறைய சேனல்களை அடைப்பதற்காகப் படத்தை அளவுக்கு மீறிச் சுருக்கியிருப்பார்கள். அதைத் தெளிவாக்கும் திருகு எந்தப் பெட்டியிலும் கிடையாது.

கண்ணாடியைப் பார்த்துத் திருகிய கைகள்

மெனு எழுத்தும் சேர்ந்து மங்கினால் பெட்டியைத் திறந்தாக வேண்டும். திறக்க வேண்டியவர் பயிற்சி பெற்ற மெக்கானிக், வீட்டுக்காரர் அல்ல. கலர் ட்யூபின் மேல்பக்கத்தில் ரப்பர் தொப்பி மூடிய இடத்தில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ட்யூப் ஒரு பெரிய கண்டென்சராக மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதை முறையாக இறக்காமல் கை வைத்தால் தூக்கி அடிக்கும்.

படம் எப்படி உருவாகிறது என்பதை அறிந்தால் அது எங்கே மங்குகிறது என்பது விளங்கும். ட்யூபின் மெலிந்த கழுத்துக்குள் மூன்று எலெக்ட்ரான் துப்பாக்கிகள். அவை சுடும் கற்றைகள் திரையின் உட்புறப் பூச்சில் மோதி ஒளிர்கின்றன. இந்தியா பின்பற்றிய பால் (PAL) ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள்; நொடிக்கு 25 படங்கள்; ஆக நொடிக்கு 15,625 கோடுகள். டிவி ஓடும்போது குழந்தைகளுக்கு நன்றாகக் கேட்கும் மெல்லிய கீச்சொலி இந்த எண்ணிக்கையின் ஒலிதான். கோலமாவு ஈரம் பட்டிருந்தால் இழை தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே, அப்படித்தான் கற்றை தடித்தால் கோடும் கோடும் ஒட்டிப் படம் அழிகிறது. கற்றையை மெல்லியதாகக் குவிக்கும் வேலையை ஃபோகஸ் மின்னழுத்தம் செய்கிறது. கலர் டிவியில் அது பொதுவாக 5,000 முதல் 8,000 வோல்ட் வரை. அதில் சில நூறு வோல்ட் நழுவினாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

20, 21 அங்குலத் திரையின் அருகே போய் உற்றுப் பார்த்தால், நல்ல ஃபோகஸில் குறுக்குக் கோடுகளைத் தனித்தனியாக எண்ணிவிடலாம்போல் இருக்கும். கோடே தெரியாமல் வழவழவென்று இருந்தால் கற்றை தடித்திருக்கிறது.

அந்த மின்னழுத்தத்தைத் தருவது எல்.ஓ.டி. லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மெக்கானிக்குகள் இந்த மூன்றெழுத்தால் அழைப்பார்கள். கறுப்புப் பிசினில் வார்த்த அந்தக் கட்டியின் முதுகில் பெரும்பாலும் இரண்டு திருகுகள் இருக்கும்: மேலே ஃபோகஸ், கீழே ஸ்க்ரீன். ஸ்க்ரீன் வெளிச்சத்துக்கு, ஃபோகஸ் கூர்மைக்கு. திருகுவது பின்னால், படம் தெரிவது முன்னால். ஆகவே, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று மெக்கானிக்கின் பையில் எப்போதும் இருக்கும். டிவிக்கு எதிரே நாற்காலியில் அதைச் சாய்த்து வைத்து, பின்பக்கமிருந்து தலையை நீட்டி, கண்ணாடியில் தலைகீழாக அல்ல, இடவலமாக மாறித் தெரியும் எழுத்தைப் பார்த்தபடியே பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருகுவார். கண்ணாடி இல்லாத வீட்டில் கடைப்பையன் முன்னால் நின்று குரல் கொடுப்பான்: “இன்னும் கொஞ்சம்ணே… போதும், போதும்… தாண்டிருச்சு, திருப்புங்க!”

திருகினால் தெளிவாகி, மறுநாள் மறுபடி மங்கினால் கதை வேறு. இங்கே நேரம்தான் துப்பு.

காலையில் போட்டதும் மங்கல், பத்து இருபது நிமிடம் ஓடிய பிறகு தானாகத் தெளிவு. மழைக்காலத்தில் இது கூடும். சில பெட்டிகளில் உஸ்ஸென்ற சத்தமும் வரும். இந்த அறிகுறியைக் கேட்ட உடனேயே அனுபவமுள்ள மெக்கானிக் ட்யூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் சாக்கெட்டைச் சந்தேகிப்பார். ஃபோகஸ் மின்சாரம் அந்த சாக்கெட்டின் ஒரு தனி அறை வழியாகத்தான் ட்யூபுக்குள் போகிறது. கடற்காற்றும் ஈரமும் தூசியும் அங்கே சேர்ந்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு படியும். மின்சாரம் ட்யூபுக்குப் போகாமல் பக்கவாட்டில் கசியும். டிவி சூடாகி ஈரம் உலர்ந்ததும் கசிவு குறைந்து படம் தெளியும். வெளியிலிருந்து பார்த்தால் சாக்கெட் புதிதுபோலவே இருக்கும்; அந்த அறையின் மூடியைக் கிளப்பினால்தான் களிம்பு தெரியும். பழையதைச் சால்டரில் எடுத்துவிட்டுப் புதிய சாக்கெட் வைத்தால் வேலை முடிந்தது. கடலோர ஊர்களில் “ட்யூப் போச்சு” என்று ஒதுக்கப்பட்ட பெட்டிகளில் இந்தச் சாக்கெட்டால் ஒதுக்கப்பட்டவை கணிசம்.

தலைகீழாக, போட்டதும் தெளிவாக இருந்து சூடேறச் சூடேற மங்கினால் சந்தேகம் எல்.ஓ.டி.க்குள் இருக்கும் ஃபோகஸ் பகுதியின் மேல் விழும். அதைத் தனியாகப் பிரித்துச் சரிசெய்வது அரிது, எல்.ஓ.டி.யையே மாற்ற வேண்டும். எழுத்துக்கு வலப்பக்கம் வால்போல் தீற்றல் நீண்டால், படத்தைப் பெருக்கும் சர்க்யூட்டுக்கு மின்சாரம் தரும் கண்டென்சர் காய்ந்திருக்கக்கூடும். வெள்ளை எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிரிந்து நின்றால் ஃபோகஸ் அல்ல, மூன்று கற்றைகளும் ஒரே புள்ளியில் சேராத கோளாறு; ட்யூபின் கழுத்தில் உள்ள காந்த வளையங்களைத் தொட வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்க வந்த ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்கு இவையெல்லாம் பாடப்புத்தகம் இல்லாமலே தெரிந்திருந்தன. பல பழைய செட்டுகளோடு வந்த கையேட்டின் கடைசித் தாளில் முழு சர்க்யூட் வரைபடமும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஐ.டி.ஐ.களில் ரேடியோ, டிவி மெக்கானிக் என்று தனித் தொழிற்பிரிவே இருந்தது. சென்னையில் தயாரான சாலிடேர், டயனோரா பெட்டிகளைத் தெருமுனைக் கடைக்காரர் துணிந்து திறந்ததற்கு அந்த வரைபடத் தாளும் ஒரு காரணம்.

ட்யூப் உண்மையிலேயே போகும்போது

எல்லாப் பெட்டியும் பிழைக்கும் என்று சொல்வதற்கில்லை. ட்யூப் தளர்வதற்கென்று தனி அடையாளங்கள் இருக்கின்றன. போட்டதும் படம் வர நெடுநேரம் ஆகும். வெளிச்சத்தைக் கூட்டினால் முகத்தின் வெள்ளைப் பகுதிகள் வெள்ளிப் பூச்சுபோல் மினுங்கி வழியும். மூன்று துப்பாக்கிகளில் ஒன்று முந்திக்கொண்டு தளர்ந்தால் அந்த நிறம் மட்டும் குறைந்து, வானம் மஞ்சளிக்கும் அல்லது முகம் பச்சையாகும். துப்பாக்கியின் முனையில் பூசிய பேரியம், ஸ்ட்ரோன்டியம் ஆக்சைடு பல்லாயிரம் மணி நேர ஓட்டத்தில் தேய்ந்ததன் விளைவு இது.

அதற்கும் ஊர் மெக்கானிக்குகளிடம் கைவைத்தியம் இருந்தது. ட்யூபின் ஹீட்டருக்கு வர வேண்டியது 6.3 வோல்ட். எல்.ஓ.டி.யின் ஃபெரைட் கோரில் கூடுதலாக ஓரிரு சுற்று வயர் சுற்றி, ஹீட்டரைக் கொஞ்சம் அதிகமாகச் சூடாக்குவார்கள். களைத்த ட்யூப் இன்னும் சில மாதம் ஓடும். நேர்மையான மெக்கானிக் இதைச் செய்யும்போதே, “இது தள்ளிப்போடுறதுதான்மா, குணமாகாது” என்று சொல்லிவிடுவார். புதிய ட்யூப் இன்று யாரும் தயாரிப்பதில்லை. ஆகவே, ட்யூப் போன பெட்டிக்கு விடைகொடுப்பதே சரி. பழைய டிவி மின்சாரத்தையும் கூடுதலாகக் குடிக்கும். அதைவிடப் பெரிய திரை கொண்ட எல்.இ.டி. டிவி அதில் பாதியளவில் ஓடிவிடும். பழையதைக் கட்டாயமாக வைத்திருக்க வேண்டும் என்பதல்ல வாதம். சாக்கெட் கெட்டதற்கு ட்யூபைப் புதைக்கக் கூடாது; புதைப்பதையும் ஒழுங்காகப் புதைக்க வேண்டும்.

ஒன்றரைக் கோடிப் பெட்டிகள்

இதில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பொறுப்பு இருக்கிறது. 2006 சட்டமன்றத் தேர்தல் வாக்குறுதிப்படி அப்போதைய திமுக அரசு வீடுவீடாக 14 அங்குல கலர் டிவி கொடுத்தது. மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் வழியாக வாங்கப்பட்டு, 2011க்குள் வழங்கப்பட்டவை ஒன்றரைக் கோடிக்கும் மேல். ஒரு மாநில அரசு இவ்வளவு பிக்சர் ட்யூப்களை வாங்கி வீடுகளுக்குள் வைத்தது இந்தியாவில் வேறெங்கும் நடக்காதது. அவற்றில் கடைசியாக வந்தவற்றுக்கும் இன்று பதினைந்து வயதாகிறது. படம் மங்க வேண்டிய வயது.

மங்கியவை எங்கே போகின்றன? பெரும்பாலும் காயலான் கடைக்கு. கழுத்தில் சுற்றிய யோக் காயிலில் செம்பு இருக்கிறது. போர்டில் கொஞ்சம் விலைபோகும் பாகங்கள் இருக்கின்றன. கண்ணாடிக்கு விலை இல்லை. செம்பை உருவுவதற்காகக் கழுத்தை உடைப்பார்கள்; மீதி குப்பைமேட்டிலோ குளக்கரையிலோ கிடக்கும். கலர் ட்யூபின் பின்பக்கக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு. உள்ளே உருவாகும் எக்ஸ் கதிரைத் தடுப்பதற்காகச் சேர்த்தது அது. டிவி ஓடிய காலம் முழுக்கக் குடும்பத்தைக் காத்த அதே ஈயம், உடைந்து மண்ணில் கிடந்தால் தண்ணீருக்குள் இறங்குகிறது.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, டிவியையும் உள்ளடக்கியவை. தயாரிப்பாளர்கள் பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையங்கள் வழியாகக் கழிவைக் கையாள வேண்டும் என்கின்றன. ஊராட்சித் தெருவில் மூலையில் கிடக்கும் இலவச டிவிக்கு அந்த நிலையத்தின் முகவரி தெரியாது. கொடுத்தபோது ரேஷன் அட்டையைப் பார்த்து வீடுவீடாகக் கொடுக்க முடிந்த நிர்வாகத்துக்கு, திரும்ப வாங்கவும் அதே பட்டியல் போதும். அதற்கான முகாம்களை ஊராட்சி அளவில் நடத்துவது பெரிய காரியமல்ல.

பெரிதாக்கினால் தெளிவாகாது

மங்கல் டிவியைக் கொடுத்துவிட்டு எக்ஸ்சேஞ்சில் பெரிய 4கே டிவி வாங்கியவருக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. அதே பாக்ஸ், அதே சாதாரண சேனல், புது டிவியில் இன்னும் மங்கலாகத் தெரியும். காரணம் எளிய கணக்கு. சாதாரண எஸ்.டி. படத்தில் 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே திரையில் 3840 × 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். சரியாக 20 மடங்கு. வந்த ஒவ்வொரு புள்ளியையும் 20 புள்ளியாக ஊதிக் காட்ட வேண்டும். இல்லாத விவரத்தை டிவி எங்கிருந்து கொண்டுவரும்? 14 அங்குலத்தில் மறைந்திருந்த குறைகள் 55 அங்குலத்தில் பந்தி விரிக்கின்றன. சதுரமான பழைய படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் நடிகர்கள் பருத்தும் போய்விடுவார்கள். பெட்டி மாறியதால் தீராத பிரச்சினை சிக்னலில் இருந்தது என்பதை வாடிக்கையாளர் இங்கேதான் கண்டுபிடிக்கிறார், ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு.

அந்தப் புது டிவியே மூன்று, நான்கு வருடத்தில் இருண்டால் என்ன ஆகும்? சத்தம் வருகிறது, படம் இல்லை. டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால் நிழலாகப் படம் ஓடுவது தெரிகிறது. பின்னாலிருந்து வெளிச்சம் தரும் எல்.இ.டி. பட்டை அணைந்ததற்கான அடையாளம் அது. பட்டையை மட்டும் மாற்றலாம். பல இடங்களில் கிடைக்கும் பதில் வேறு: “பேனல் போச்சு சார். பேனல் விலைக்குப் புது டிவியே வாங்கிடலாம்.” முப்பது ஆண்டுக்கு முந்தைய “ட்யூப் போச்சு” இங்கே பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது.

ஒரு வேறுபாடு உண்டு. அன்றைக்கு அந்தத் தீர்ப்பை நம்பாதவர் இன்னொரு கடைக்குப் போகலாம். அங்கிருப்பவரிடம் சர்க்யூட் தாளும் உதிரிபாகமும் இருந்தன. இன்றைய டிவியோடு வரும் கையேட்டில் ரிமோட்டில் பேட்டரி போடும் படம்தான் இருக்கிறது. சர்வீஸ் மேனுவல் நிறுவனத்தின் பூட்டுக்குள். ஒரே மாடலுக்குள்ளேயே பேனல் மாறுகிறது, பட்டை மாறுகிறது. எது எதற்குப் பொருந்தும் என்று தெருமுனை மெக்கானிக் அறிந்துகொள்ள அதிகாரபூர்வ வழி இல்லை. கடையில் உட்கார்ந்திருப்பவரின் திறமை குறையவில்லை. அவரிடமிருந்து தகவல் பறிக்கப்பட்டிருக்கிறது.

எழுத்தில் வர வேண்டியது

இந்தப் பூட்டைச் சில நாடுகள் சட்டத்தால் திறந்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 7 ஆண்டுகளுக்கு டிவியின் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். பிரான்ஸ் அதே ஆண்டு தொடக்கத்தில் பழுதுபார்ப்புக் குறியீட்டைக் கொண்டுவந்தபோது முதல் பட்டியலிலேயே டிவி இடம்பெற்றது. எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விலைக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். 2025இல் டிவிக்கு அது நீடித்து உழைக்கும் தன்மைக் குறியீடாக விரிந்தது.

இந்தியா தொடங்கியிருக்கிறது, மெதுவாக. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. வேளாண் கருவி, கைப்பேசி, வாகனம் ஆகியவற்றோடு வீட்டு உபயோகப் பொருள்களும் அதில் அடக்கம். 2025 மே மாதம் பழுதுபார்ப்புக் குறியீட்டுக்கான பரிந்துரை அறிக்கையும் தாக்கலானது. அது முதலில் கையில் எடுத்திருப்பது கைப்பேசிகளையும் டேப்லெட்களையும். டிவி காத்திருப்போர் வரிசையில் நிற்கிறது.

டில்லி முடிவெடுக்கும்வரை தமிழ்நாடு காத்திருக்கத் தேவையில்லை. மாநில அரசு சட்டம் போடுபவர் மட்டுமல்ல, பெரிய வாடிக்கையாளரும்கூட. ஒன்றரைக் கோடி டிவி வாங்கிய எல்காட், 2011 முதல் மாணவர்களுக்கான மடிக்கணினிகளை லட்சக்கணக்கில் வாங்கியது. வகுப்பறைகளுக்கான திறன்பலகைகளும் திரைகளும் அரசுப் பணத்தில்தான் வருகின்றன. இவ்வளவு வாங்குபவர் நிபந்தனை போட்டால் விற்பவர் கேட்பார். டெண்டரில் சேர்க்க வேண்டியவை மூன்று. விற்கும் மாடலின் சர்வீஸ் மேனுவலை யாரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைக்க வேண்டும். கடைசிப் பெட்டி விற்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு உதிரிபாகம், விலைப்பட்டியலோடு, சொந்த சர்வீஸ் மையத்துக்கு வெளியேயும் கிடைக்க வேண்டும். “பேனல் போச்சு” என்று வாயால் சொல்வதை விட்டு, எந்தப் பாகம், எந்தச் சோதனையில் பழுதென்று தெரிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனைக்குச் செலவே இல்லை. அரசு டெண்டருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். டிவியைக் கடையில் விட்டு வரும் எவரும் இன்றே அந்தத் தாளைக் கேட்கலாம். எழுதித்தர வேண்டும் என்றதும், பெட்டியைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னவர் ஸ்க்ரூடிரைவரைத் தேட ஆரம்பித்துவிடுவார்.